‘8 மாதம்’ என்று இணையம் சொன்னால்..? வயிற்று உறைப் புற்றுநோயும் யாரும் கேட்காத ஒரு கேள்வியும்

1982 ஜூலை. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியரும் பரிணாம உயிரியல் எழுத்தாளருமான ஸ்டீபன் ஜே கூல்டுக்கு அப்போது வயது 40. வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்திருந்த அவரிடம் மருத்துவர்கள் நோயின் பெயரைச் சொன்னார்கள்: மீசோதீலியோமா. வயிற்றின் உள்ளுறையில் வரும் அரிய வகைப் புற்றுநோய். இதைப் பற்றி எதைப் படிக்கலாம் என்று கூல்டு தன் மருத்துவரிடம் கேட்டார். படிக்கும்படியாகப் பெரிதாக எதுவும் இல்லை என்று மருத்துவர் தவிர்த்துவிட்டார். நடமாட முடிந்ததும் அவர் நேராக மருத்துவ நூலகத்துக்குப் போனார். மருத்துவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது அங்கே புரிந்தது. குணப்படுத்த முடியாத நோய். கண்டறிந்த பிறகு நோயாளிகள் வாழும் காலத்தின் இடைநிலை அளவு 8 மாதம். கால் மணி நேரம் உறைந்துபோய் உட்கார்ந்திருந்ததாகப் பிறகு எழுதினார்.

அதன்பின் அவர் 20 ஆண்டுகள் வாழ்ந்தார். புத்தகங்கள் எழுதினார், வகுப்பு எடுத்தார். 2002 மே மாதம் அவர் இறந்தது, இந்த நோயோடு தொடர்பில்லாத வேறொரு புற்றுநோயால்.

இன்று யாரும் நூலகம் வரை போக வேண்டியதில்லை. அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே போனில் தேடிப் பார்க்கிறார்கள் பிள்ளைகள். பழைய எண்களும் புதிய எண்களும் கலந்து வந்து விழுகின்றன. இந்த நோயைப் பொறுத்தவரை இரண்டு இடங்களில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. ஒன்று, சரியான பெயரைக் கண்டுபிடிப்பதற்குள் மாதங்கள் கடந்துவிடுகின்றன. இரண்டு, பெயர் தெரிந்ததும் இனி எதுவும் செய்ய முடியாது என்று வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுகிறார்கள். இரண்டுமே தவிர்க்கக்கூடியவை.

எங்கே வருகிறது இந்தப் புற்றுநோய்?

வயிற்றுக்குள் இருக்கும் இரைப்பை, குடல், கல்லீரல் போன்ற உறுப்புகள் எல்லாம் ஒரு மெல்லிய, வழுவழுப்பான சவ்வால் போர்த்தப்பட்டிருக்கின்றன. வயிற்றுச் சுவரின் உட்பக்கத்தையும் அதே சவ்வு மூடியிருக்கிறது. இதற்குப் பெயர் பெரிட்டோனியம். தமிழில் வயிற்று உள்ளுறை எனலாம். இரு அடுக்குகளுக்கு இடையே சிறிதளவு திரவம் இருக்கும். அதனால்தான் நாம் குனிந்து நிமிரும்போது குடல்கள் ஒன்றோடொன்று உரசாமல் வழுக்கிச் செல்கின்றன. இந்தச் சவ்வை மடிப்பெல்லாம் பிரித்து விரித்தால், அதன் பரப்பு கிட்டத்தட்ட உடம்புத் தோலின் பரப்புக்குச் சமமாக இருக்கும்.

இந்த உறையின் மேற்பரப்பில் உள்ள செல்கள் மீசோதீலியல் செல்கள். அவை கட்டுப்பாடின்றிப் பெருகுவதுதான் பெரிட்டோனியல் மீசோதீலியோமா. நுரையீரலையும் இதயத்தையும் சுற்றியுள்ள உறைகளிலும் இதே வகைச் செல்கள் உண்டு. மீசோதீலியோமாக்களில் பெரும்பான்மை நுரையீரல் உறையில் வருபவை. வயிற்றில் வருபவை 10 முதல் 20 சதவீதம்தான். அமெரிக்கா முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 3,000 பேருக்கு மீசோதீலியோமா வருகிறது. அதில் வயிற்றில் வருவது சில நூறு பேருக்கு மட்டுமே. பல மருத்துவர்கள் தங்கள் பணிக்காலம் முழுவதும் ஒரு நோயாளியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதற்கு இதுவே காரணம்.

மற்ற புற்றுநோய்களைப் போல இது ஓரிடத்தில் உருண்டையாகத் திரண்டு நிற்பதில்லை. சுவரில் பூஞ்சை பூப்பதுபோல உறை முழுக்கச் சிறு சிறு முடிச்சுகளாகப் படர்கிறது. பெரும்பாலும் வயிற்றைத் தாண்டி வெளியே போவதில்லை. சிகிச்சையின் வழி திறப்பது இந்தக் குணத்தில்தான்.

யாருக்கு வருகிறது? ஏன்?

முதல் சந்தேகம் எப்போதும் ஆஸ்பெஸ்டாஸ் மீதுதான். கண்ணுக்குத் தெரியாத அதன் இழைகள் மூச்சு வழியாகவோ விழுங்குவதன் மூலமாகவோ உடலுக்குள் போய், கரையாமல் பல ஆண்டுகள் தங்கிவிடுகின்றன. 1960-ல் தென்னாப்பிரிக்காவின் நீல ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கப் பகுதியிலிருந்து 33 மீசோதீலியோமா நோயாளிகளைப் பற்றிய ஆய்வறிக்கை வந்தபோதுதான் இந்தத் தொடர்பை உலகம் கவனித்தது. சுரங்கத்துக்குள் இறங்காமல், அதன் அருகே வாழ்ந்தவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அமெரிக்காவில் இர்விங் செலிகாஃப் என்ற மருத்துவர், இன்சுலேஷன் வேலை பார்த்த 17,800 தொழிலாளர்களை 1967 முதல் தொடர்ந்து கண்காணித்தார். அவர்களில் நுரையீரல் உறையைவிட வயிற்று உறையில் மீசோதீலியோமா வந்து இறந்தவர்களே அதிகம்.

இழை உள்ளே போவதற்கும் நோய் வெளியே தெரிவதற்கும் இடையில் 20 முதல் 50 ஆண்டுகள் ஆகலாம். 25 வயதில் பாய்லருக்கு இன்சுலேஷன் சுற்றியவருக்கு, ரிட்டயர் ஆகிப் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவரும் வயதில் வயிறு வீங்கலாம். அந்த வேலையையும் இந்த வீக்கத்தையும் அவரே சேர்த்துப் பார்க்க மாட்டார். கணவரின் தூசி படிந்த வேலைச் சட்டையை உதறித் துவைத்த மனைவிக்கும் நோய் வந்த நிகழ்வுகள் உலகெங்கும் பதிவாகியிருக்கின்றன.

ஆனால், எல்லா நோயாளிகளின் கதையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதில்லை. நுரையீரல் உறையில் வரும் வகையோடு ஒப்பிட்டால், வயிற்றில் வரும் வகைக்கு இந்தத் தொடர்பு குறைவு; பெண்களிடம் இன்னும் குறைவு. முன்பு வேறு புற்றுநோய்க்காக வயிற்றில் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு வரலாம். துருக்கியின் கப்படோசியா பகுதியில் எரியோனைட் என்ற கனிமம் கலந்த மண்ணும் கல்லும் சில கிராமங்களையே இந்த நோயில் தள்ளின. பிஏபி1 என்ற மரபணுவில் பிறவியிலேயே மாற்றம் இருக்கும் குடும்பங்களில் மீசோதீலியோமா, கண்ணில் வரும் மெலனோமா, சிறுநீரகப் புற்றுநோய் ஆகியவை தலைமுறை தாண்டியும் தென்படலாம். இளம் வயதில் நோய் வந்தாலோ, குடும்பத்தில் இத்தகைய புற்றுநோய்கள் இருந்தாலோ மரபணு ஆலோசனை அவசியம்.

ஏன் சீக்கிரம் பிடிபடுவதில்லை?

தொடக்கம் மிகச் சாதாரணமாக இருக்கும். “ரெண்டு இட்லிக்கே வயிறு நிறைஞ்சிடுது.” “பேன்ட் இடுப்புல நிக்கல, ஆனா கை கால் மட்டும் இளைக்குது.” வீட்டில் சொல்லப்படும் முதல் வைத்தியம், “கேஸா இருக்கும், ஓமத் தண்ணி குடிங்க.” அடுத்து மருந்துக் கடையில் அசிடிட்டி மாத்திரை. அதன் பிறகு வயிற்றில் நீர் கோத்துக்கொண்டு உப்பலாகத் தெரியும்போதுதான் ஆஸ்பத்திரி. வலி, பசியின்மை, எடை குறைவு, மலச்சிக்கல், திடீரென்று தலைகாட்டும் குடலிறக்கம், சிலருக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சல். இவற்றில் எதுவுமே இந்த நோய்க்கு மட்டும் உரிய அடையாளம் கிடையாது.

வயிற்றில் நீர் என்றவுடன் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது கல்லீரல். “குடிப்பீங்களா?” என்ற கேள்வி உடனே வரும். கல்லீரல் நன்றாக இருக்கிறது என்றால், அடுத்த சந்தேகம் வயிற்றில் டிபி. இதில் மருத்துவரைக் குறைசொல்ல முடியாது. டிபி அதிகமுள்ள நாட்டில் அந்தச் சந்தேகம் நியாயமானது. வயிற்று டிபியிலும் உறை தடிக்கும், நீர் கோக்கும், எடை குறையும், காய்ச்சல் வரும். ஸ்கேனில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரித் தெரியும். கிருமியை நேரடியாகக் கண்டுபிடிப்பது வயிற்று டிபியில் கடினம் என்பதால், அறிகுறிகளையும் நீரின் பரிசோதனையையும் வைத்தே ஆறு மாத மாத்திரை தொடங்கப்படுவது உண்டு.

சிக்கல் அங்கேதான். மருந்து தொடங்கி இரண்டு மாதம் ஆகியும் வயிறு வற்றவில்லை, எடை கூடவில்லை என்றால், இது டிபிதானா என்று மறுபடி கேட்டாக வேண்டும். மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்று நோயாளியைத் திட்டிவிட்டு, அதே மருந்தை ஆறு மாதம் முடிப்பதில் கைவிட்டுப் போகிற காலம் திரும்பக் கிடைக்காது.

பெண்களுக்கு இன்னொரு குழப்பம் உண்டு. வயிற்றில் நீர், ரத்தத்தில் சிஏ-125 அளவு உயர்வு என்றால் சினைப்பைப் புற்றுநோய் என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் வயிற்று உறை மீசோதீலியோமாவிலும் சிஏ-125 கூடும், டிபியிலும் கூடும். ரத்தத்தில் ஓர் எண் உயர்ந்திருப்பது சந்தேகத்துக்கு மட்டுமே இடம் தருகிறது. நோயின் பெயரை அது சொல்லாது.

உறுதி செய்வது எப்படி?

முதலில் அல்ட்ராசவுண்ட், பிறகு கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுக்கும் சிடி ஸ்கேன். உறை எங்கெல்லாம் தடித்திருக்கிறது, குடலின் முன்னால் ஏப்ரன் போலத் தொங்கும் கொழுப்புத் திரை இறுகியிருக்கிறதா, சிறுகுடல் சுருங்கியிருக்கிறதா என்பதை சிடி காட்டும். தேவைப்பட்டால் எம்ஆர்ஐ, பெட் ஸ்கேன். இவை எல்லாம் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்லுமே தவிர, என்ன நோய் என்று உறுதியாகச் சொல்லாது.

வயிற்றிலிருந்து ஊசி மூலம் நீரை எடுத்துப் பரிசோதிப்பது அடுத்த படி. பல குடும்பங்கள் ஏமாறுவது இங்கேதான். “தண்ணியில கேன்சர் செல் இல்லைன்னு ரிப்போர்ட் வந்துருச்சு” என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். மீசோதீலியோமாவில் நீரில் உதிரும் செல்கள் குறைவாக இருக்கலாம். இருந்தாலும், சாதாரண அழற்சியில் காணப்படும் செல்களைப் போலவே தோற்றம் காட்டலாம். ஆகவே நீரில் ஒன்றும் இல்லை என்பது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

கடைசித் தீர்ப்பு திசுவில்தான் இருக்கிறது. லேப்ராஸ்கோப்பி மூலம் சிறு துளையிட்டு, கேமராவால் உள்ளே பார்த்து, போதுமான அளவு திசுவை எடுக்கிறார்கள். நோய் எங்கெங்கே படர்ந்திருக்கிறது, சிறுகுடல் எந்த நிலையில் உள்ளது என்பதையும் அப்போதே நேரில் பார்த்துவிடலாம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கருவி நுழைந்த துளையிலேயே இந்தப் புற்று வளரக்கூடும். அதனால் துளைகளை முடிந்தவரை வயிற்றின் நடுக்கோட்டில் போடுவது நல்லது. பிறகு பெரிய அறுவை செய்யும்போது அந்தத் தழும்பையும் சேர்த்து வெட்டி எடுத்துவிடலாம். சந்தேகம் இருக்கும்போதே அனுபவமுள்ள மையத்துக்குப் போவது ஏன் நல்லது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

எடுத்த திசு பெத்தாலஜிஸ்ட் கைக்குப் போகிறது. மைக்ராஸ்கோப்பில் மட்டும் பார்த்தால் போதாது. இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி, சுருக்கமாக ஐஎச்சி என்ற சாயச் சோதனை தேவை. செல்களில் இருக்கும் குறிப்பிட்ட புரதங்களை இது அடையாளம் காட்டும். கால்ரெட்டினின், டபிள்யூடி1 போன்றவை தென்பட்டால் அது மீசோதீலியல் செல்களின் பக்கம் கை காட்டுகிறது. குடல், இரைப்பை, சினைப்பைப் புற்றுகளில் காணப்படும் கிளாடின்-4, சிஇஏ போன்றவை இல்லாதிருப்பதையும் பார்க்க வேண்டும். ஒரே ஒரு சாயத்தை வைத்து முடிவு எடுப்பதில்லை. இரு பக்கச் சாட்சிகளையும் விசாரித்துத்தான் தீர்ப்பு. பிஏபி1 புரதம் செல்லில் காணாமல் போயிருந்தால், அது வெறும் அழற்சி இல்லை, புற்றுதான் என்பதற்கு வலுவான ஆதாரம்.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டிய இன்னொரு சொல், வகை. எபிதீலியாய்டு என்பதே மிகுதியாகக் காணப்படும் வகை. சிகிச்சைக்கு ஓரளவு நன்றாகக் கட்டுப்படும். சார்கோமடாய்டு அரிது, வேகமானது. இரண்டும் கலந்தது பைஃபேசிக். மெதுவாக வளரும், ஆபத்து குறைந்த வேறு சில மீசோதீலியல் கட்டிகளும் உண்டு. அவற்றை இதோடு குழப்பிக்கொண்டால் தேவையற்ற கடும் சிகிச்சையில் போய் முடியும். இந்த நோயில் திசு மாதிரியை இரண்டாவது பெத்தாலஜிஸ்ட் ஒருவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பது முதல் மருத்துவரை அவமதிப்பது ஆகாது. நல்ல மையங்களில் அது வழக்கமான நடைமுறை.

சிகிச்சை: சூடான மருந்து, நீண்ட அறுவை

நோய் வயிற்றுக்குள்ளேயே தங்குகிறது என்பதுதான் சிகிச்சையின் அடிப்படை. கண்ணுக்குத் தெரிகிற புற்றை எல்லாம் அறுவை மூலம் அகற்றிவிட்டு, கண்ணுக்குத் தெரியாததை வயிற்றுக்குள்ளேயே மருந்து ஊற்றிக் கொல்வது. முதல் பாதிக்கு சைட்டோரிடக்டிவ் சர்ஜரி என்று பெயர். இரண்டாம் பாதிக்கு ஹைபெக்.

அறுவை பெரியது, பல மணி நேரம் ஓடும். நோய் படர்ந்த உறையைப் பட்டையாக உரித்து எடுக்கிறார்கள். கொழுப்புத் திரையை நீக்குகிறார்கள். தேவையைப் பொறுத்து மண்ணீரல், பித்தப்பை, குடலின் ஒரு பகுதி, பெண்களுக்குக் கருப்பை, சினைப்பை ஆகியவையும் போகலாம். அதன் பிறகு, வயிற்றுக்குள் குழாய்கள் பொருத்தி, சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்தை 41 முதல் 43 டிகிரி செல்சியஸ் சூட்டில், 60 முதல் 90 நிமிடம் சுழலவிடுகிறார்கள். சூடு மருந்தின் வீரியத்தைக் கூட்டுகிறது. வயிற்றில் நேரடியாக ஊற்றுவதால், ரத்தத்தில் ஏற்றினால் உடல் தாங்காத அடர்த்தியில் மருந்தைக் கொடுக்க முடிகிறது.

ஆனால் இந்த மருந்து திசுவுக்குள் சில மில்லிமீட்டர் ஆழம் மட்டுமே ஊடுருவும். எனவே அறுவையில் மிஞ்சும் முடிச்சு எதுவும் 2.5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இலக்கு. இந்த இலக்கு எட்டக்கூடியதா என்பதை முன்கூட்டியே கணிக்க ஓர் அளவுகோல் உண்டு. வயிற்றை 13 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நோயின் அளவைப் பொறுத்து 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுகிறார்கள். மொத்தம் 39. பிசிஐ எனப்படும் இந்தக் கணக்கில் மதிப்பெண் கூடக் கூட, முழுமையாக அகற்றும் வாய்ப்பு குறைகிறது.

பலன் எப்படி? பல நாடுகளின் சிறப்பு மையங்களில் இப்படிச் சிகிச்சை பெற்ற 405 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்கள் வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு 53 மாதம். 5 ஆண்டுகளைத் தாண்டியவர்கள் 47 சதவீதம். கூல்டு நூலகத்தில் படித்த 8 மாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. அறுவையைத் தாங்கும் உடல்வலு உள்ளவர்கள், நோய் அகற்றக்கூடிய நிலையில் இருந்தவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். நோய் மிக அரிது என்பதால், இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் பெரிய சோதனை இதில் நடத்தப்படவில்லை. ஆபத்தும் உண்டு: அதே ஆய்வில் 31 சதவீதம் பேருக்குக் கடுமையான பின்விளைவுகள் வந்தன, 2 சதவீதம் பேர் அறுவையை ஒட்டி இறந்தார்கள். கைதேர்ந்த மையங்களில் கிடைத்த முடிவுகள் இவை. எப்போதாவது ஒன்று செய்யும் இடத்தில் இதே பலனை எதிர்பார்க்க முடியாது. சென்னை, மும்பை, டெல்லி போன்ற பெருநகரங்களில் ஹைபெக் செய்யும் மையங்கள் இருக்கின்றன. “ஹைபெக் மெஷின் இருக்கா?” என்று கேட்பதைவிட, “இந்த அறுவையை வருஷத்துக்கு எத்தனை பண்றீங்க?” என்று கேட்பதே முக்கியம்.

அறுவை முடியாது என்றால்?

சிறுகுடல் முழுக்க நோய் படர்ந்திருந்தாலோ, சார்கோமடாய்டு வகையாக இருந்தாலோ, இதயமோ சிறுநீரகமோ அறுவையைத் தாங்காது என்றாலோ பாதை மாறும். பெமெட்ரெக்செட்டுடன் சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டின் சேர்ந்த கீமோ நெடுநாளாகப் பயன்படுகிறது. 2004-ல் அமெரிக்காவில் நுரையீரல் உறை மீசோதீலியோமாவுக்கு அனுமதி பெற்ற கூட்டு இது. வயிற்று வகைக்கு அங்கிருந்து கடன் வாங்கப்பட்டது. இதோடு ஃபோலிக் அமிலமும் பி12 ஊசியும் சேர்த்துக் கொடுப்பது கட்டாயம். மருந்தின் நச்சுத்தன்மையைக் குறைக்க அதுவே வழி. வைட்டமின்தானே என்று அலட்சியமாக விட்டுவிடக் கூடாது. சிலருக்குக் கீமோவில் நோய் சுருங்கி, அறுவைக்கான கதவு மறுபடி திறப்பதும் உண்டு.

நோயெதிர்ப்பு சிகிச்சையிலும் வெளிச்சம் தெரிகிறது. நிவோலுமாப், இபிலிமுமாப் கூட்டுக்கு 2020-ல் நுரையீரல் உறை வகைக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது. வயிற்று வகைக்கும் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். கீமோவுக்குப் பிறகும் நோய் தொடர்ந்த 20 பேருக்கு அடிசோலிசுமாப், பெவாசிசுமாப் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த ஓர் ஆய்வு 2021-ல் வந்தது. 8 பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. சிறிய ஆய்வுதான். விலையும் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

நோயைக் கட்டுப்படுத்த முடியாத நிலையிலும் செய்வதற்கு நிறைய இருக்கிறது. நீரை அவ்வப்போது வடிப்பது, வீட்டிலேயே வடிக்கும்படி மெல்லிய குழாய் வைப்பது, வலிக்குத் தயங்காமல் மார்ஃபின் கொடுப்பது, குடல் அடைப்பையும் சத்துக் குறைவையும் கவனிப்பது என வலி தணிப்புச் சிகிச்சைக்கு வேலை அதிகம். கடைசி நாட்கள் வரை அதைத் தள்ளிப்போடாமல், முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்வதுதான் நல்லது.

8 மாதம் என்றால் 8 மாதமா?

கூல்டு உயிரியலாளர் என்பதோடு, புள்ளியியலும் தெரிந்தவர். அதிர்ச்சி தெளிந்ததும் அவர் அந்த எண்ணை மறுபடி பார்த்தார். இடைநிலை அளவு என்பது பள்ளிக்கூடத்தில் படித்த அதேதான்: வரிசையாக நிற்க வைத்தால் நடுவில் நிற்பவரின் அளவு.

கற்பனையாக 11 நோயாளிகளை எடுத்துக்கொள்வோம். அவர்கள் வாழ்ந்த மாதங்கள் 2, 3, 4, 6, 7, 8, 11, 20, 48, 90, 240. நடுவில் இருப்பவர் 8 மாதம். ஆனால் கடைசியில் நிற்பவரோ 20 ஆண்டுகள். இதே 11 பேரின் கூட்டுச் சராசரி கிட்டத்தட்ட 40 மாதம். 8 என்பது பாதிப் பேர் தாண்டுகிற கோடு. யாருடைய கெடுவும் அதில் எழுதப்படவில்லை. இடப்பக்கம் சுழியத்துக்குக் கீழே போக முடியாது. வலப்பக்கமோ நீண்டுகொண்டே போகலாம். வயது, நோயின் நிலை, கிடைக்கும் சிகிச்சை ஆகியவற்றைப் பார்த்தால் அந்த நீண்ட வாலில் நிற்கத் தனக்கு நியாயமான வாய்ப்பு உண்டு என்று கூல்டு கணித்தார். 1985-ல் ‘டிஸ்கவர்’ இதழில் அவர் இதை எழுதினார். இன்றும் புற்றுநோய் மருத்துவர்கள் நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கும் கட்டுரை அது.

எல்லோரும் கூல்டு ஆக மாட்டார்கள். இந்த நோய் இன்னும் கொடியதுதான். பலரைச் சீக்கிரம் கொண்டுபோகிறது. ஆனாலும், இணையத்தில் பார்க்கும் எண் எந்த ஆண்டைச் சேர்ந்தது, எந்தச் சிகிச்சை பெற்றவர்களுடையது என்று கேட்காமல், அதை அப்பாவின் தலையெழுத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

யாரும் கேட்காத கேள்வி

அப்பாவின் கேஸ் ஷீட்டில் பெயர், வயது, சுகர், பிரஷர், புகை, குடி எல்லாம் இருக்கும். தொழில் என்ற இடத்தில் ‘ரிட்டயர்டு’ என்றோ ‘கூலி’ என்றோ ஒரு சொல்லோடு முடிந்துவிடும். 30 ஆண்டுகளுக்கு முன் என்ன வேலை பார்த்தார், எங்கே, எந்தத் தூசியில் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் மருத்துவரின் சந்தேகப் பட்டியலில் மீசோதீலியோமா என்ற பெயர் சேர்ந்திருக்கும். லேப்ராஸ்கோப்பி சில மாதம் முன்பே நடந்திருக்கும்.

இதற்குச் சட்ட முக்கியத்துவமும் உண்டு. ஆஸ்பெஸ்டாஸால் வரும் மீசோதீலியோமா, நம் நாட்டின் இழப்பீட்டுச் சட்டம் ஏற்கும் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது பணி முடிந்து 15 ஆண்டுகள், இதில் எது பிந்தையதோ அதுவரை நிறுவனங்கள் பாதுகாக்க வேண்டும் என்று 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நோய் 40 ஆண்டு கழித்தும் வரும் என்பதை நீதிபதிகள் புரிந்துகொண்டிருந்தார்கள். ஆனால் கான்ட்ராக்டர் கீழ் நாள்கூலிக்கு ஷீட் அறுத்தவருக்கும், பழைய கட்டடம் இடித்தவருக்கும், கப்பல் உடைக்கும் தளத்துக்குப் பிழைக்கப் போனவருக்கும் பதிவேடு எங்கே இருக்கும்? கேஸ் ஷீட்டில் தொழில் விவரம் எழுதப்படாவிட்டால், கோருவதற்கு அவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது.

புழக்கமோ நிற்கவில்லை. 60-க்கும் மேற்பட்ட நாடுகள் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்துவிட்டன. அமெரிக்காவும் 2024 மார்ச்சில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்குத் தடை அறிவித்தது. பிரேசிலின் உச்ச நீதிமன்றம் 2017-ல் தடை விதித்தது. ஆனாலும் அங்கே வெட்டியெடுத்து, உள்நாட்டில் பயன்படுத்தாமல் இந்தியா போன்ற நாடுகளுக்குக் கப்பலேற்றினார்கள். உலகில் ஆஸ்பெஸ்டாஸை மிக அதிகமாக இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. ஆண்டுக்கு லட்சக்கணக்கான டன். அதில் பெரும்பகுதி சிமென்ட் ஷீட்டாக நம் கூரைகளின் மேல் ஏறுகிறது.

வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் ஆபத்தில்லாதது என்று தொழில் தரப்பு சொல்கிறது. நீல, பழுப்பு வகைகளோடு ஒப்பிட்டால் மீசோதீலியோமாவுடன் அதன் தொடர்பு குறைவு என்பது உண்மை. குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமாகாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகைகளையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே வகைப்படுத்தியிருக்கிறது. பிரிட்டன் 1999-ல் முழுத் தடை விதித்தது. இன்றும் அங்கே ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்டோர் மீசோதீலியோமாவால் இறக்கிறார்கள். தடை போட்டு கால் நூற்றாண்டு ஆன நாட்டின் கணக்கு இது. இன்னும் இறக்குமதி செய்துகொண்டிருக்கும் நாடு, தன் கணக்கை 2060-ல் பார்க்கப்போகிறதா?

தடை ஒரே நாளில் வராது. மாற்றுக் கூரைக்கு ஏழைக் குடும்பம் பணத்துக்கு எங்கே போகும் என்ற கேள்விக்கு அரசு பதில் வைத்துக்கொண்டுதான் அதைச் செய்ய முடியும். ஆனால் நாளையே செய்யக்கூடியவை உண்டு. புற்றுநோய்ப் பதிவேடுகளில் வாழ்நாள் தொழில் விவரத்தைக் கட்டாயமாக்கலாம். டிபி மருந்துக்குக் கட்டுப்படாத வயிற்று நீருக்கு லேப்ராஸ்கோப்பி பரிந்துரையை மாவட்ட மருத்துவமனை வரை வழக்கமாக்கலாம். ஷீட் அறுக்கும் தொழிலாளிக்கு ஈரப்படுத்தி அறுக்கும் முறையும் சரியான முகக் கவசமும் கொடுக்கலாம்.

வீட்டில் ஷீட் கூரை இருந்தால் பயப்பட வேண்டுமா?

உடையாத, பொடியாத ஷீட்டின் கீழ் குடியிருப்பதில் இழைகள் பறப்பது குறைவு. அறுப்பது, துளையிடுவது, தேய்த்துக் கழுவுவது, உடைப்பது ஆகியவைதான் ஆபத்து. புயலில் உடைந்த ஷீட்டை நொறுக்கிப் பாதைக்குக் கொட்ட வேண்டாம். நனைத்து, முழுத் துண்டுகளாக எடுத்து, பிளாஸ்டிக்கில் சுற்றி அப்புறப்படுத்துங்கள். பிள்ளைகளை அருகே விடாதீர்கள். அந்த வேலையின்போது போட்ட துணியைத் தனியாகத் துவையுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

- வயிற்றில் நீர் ஏன் கோத்தது என்பதற்குத் திசு ஆதாரம் இருக்கிறதா, அனுமானம்தானா?
- டிபி மருந்து தொடங்கினால், பலன் இருக்கிறதா என்று எந்தத் தேதியில் மறுபரிசீலனை?
- பயாப்ஸியில் ஐஎச்சி செய்தார்களா? எந்த வகை? பிஏபி1 பார்த்தார்களா?
- திசு பிளாக்கை இரண்டாவது பெத்தாலஜிஸ்ட்டுக்கு அனுப்ப முடியுமா?
- அறுவை முடியாது என்றால், ஹைபெக் அனுபவமுள்ள அறுவை நிபுணர் பார்த்துச் சொன்னதா?
- வலிக்கும் சத்துக் குறைவுக்கும் இப்போதிருந்தே என்ன ஏற்பாடு?

இவற்றோடு வீட்டிலிருந்து ஒரு தாளும் எடுத்துப் போங்கள். அப்பா, அம்மா இளவயதில் பார்த்த வேலைகள், இடங்கள், ஆண்டுகள். மில், பாய்லர், பிரேக் லைனிங், ஷீட் கம்பெனி, கப்பல், கட்டட இடிப்பு, எதுவானாலும் எழுதுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் அதை அவர் கையில் கொடுத்து, கேஸ் ஷீட்டில் ஏற்றச் சொல்லுங்கள். “நீங்க சின்ன வயசுல என்ன வேலை பார்த்தீங்கப்பா?” என்ற கேள்வியை இன்று ராத்திரியே வீட்டில் கேட்கலாம்.